நம் பாதங்களைப் பார்ப்பவர் யார்?

போன பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, மாட்டுங்கா மாமி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நியூஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே குதிகால் வலிக்கு "பொடியாட்ரிஸ்ட்" என்கிற கால் டாக்டரிடம் அழைத்துப் போனார்களாம். செருப்புக்குள் வைக்க ஒரு மெத்தை, நாலு உடற்பயிற்சி, ஒரு பில். பில்லைப் பார்த்துக் குதிகால் வலி மறந்துபோயிற்று என்றார். பிறகு கேட்டார்: "ஏன்டிம்மா, கண்ணுக்கு டாக்டர், பல்லுக்கு டாக்டர் எல்லாம் இருக்கா. காலுக்குன்னு நம்மூர்ல யாருமே கிடையாதா? நீயும் அந்த மாதிரிதானே?"

நான் அந்த மாதிரி இல்லை. நகராட்சி மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் மாமியின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பாதமும் கணுக்காலும் தனிப் படிப்பு. பிரிட்டனில் முன்பெல்லாம் இவர்களைக் கைராபடிஸ்ட் என்றார்கள். நகம் வெட்டுவதிலிருந்து புண் ஆற்றுவது, செருப்பு அளவெடுப்பது வரை இவர்கள் வேலை. அமெரிக்காவில் எலும்பு ஆபரேஷனும் செய்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு தொழில் பெரிதாக வளரவில்லை. இங்கே அந்த வேலையை எலும்பு டாக்டர், தோல் டாக்டர், சர்க்கரை டாக்டர், சர்ஜன், எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்ட், செயற்கைக் காலும் செருப்பும் செய்யும் தொழில்நுட்பர் என்று ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். பலர் பொறுப்பு என்றால் யார் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் எந்த வலிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று நாமேதான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாமியின் குதிகால் வலியிலிருந்தே தொடங்குகிறேன். காலையில் படுக்கையை விட்டு இறங்கிய முதல் அடி ஆணி குத்தினாற்போல் இருக்கும்; பத்து அடி நடந்தால் கொஞ்சம் தேவலை; நாள் முழுதும் நின்றால் மாலையில் மறுபடியும் வலி. இதைத்தான் ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை விசிறிபோல் விரியும் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அது எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதால் வரும் வலி இது. எக்ஸ்ரேயில் குதிகாலில் முள் மாதிரி ஒரு எலும்பு தெரிந்தால் பலரும் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. முள்ளை வெட்டி எடுக்க யாராவது அவசரப்பட்டால் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

நம் பெண்களுக்கு இது அதிகம் வருவதில் வியப்பில்லை. சமையலறையில் மொசைக் தரையில் வெறுங்காலோடு நாலு மணி நேரம் நின்றால் குதிகால் என்ன செய்யும்? வீட்டுக்குள் செருப்பு போடக்கூடாது என்கிற நம் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கென்று தனியாக, வாசலைத் தாண்டாத மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் சுத்தமும் கெடாது, குதிகாலும் பிழைக்கும். காலையில் படுக்கையில் உட்கார்ந்தபடியே கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை செய்த பிறகு இறங்குங்கள். சுவரில் கை வைத்துக் கெண்டைக்கால் சதையை நீட்டும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் ஊசியோ ஆபரேஷனோ இல்லாமல் குணமாகிவிடுகிறது. ஒரு வருடமா என்று மாமி மலைத்துப் போனார். ஆமாம், இது அவசரப்படாத வியாதி.

அடுத்தது சுளுக்கு. ஓடுகிற லோக்கலில் இருந்து தாதரில் குதித்து இறங்குவதும், மழையில் பாசி பிடித்த படியில் கால் பிசகுவதும் இந்த ஊரில் தினசரி நடப்பவை. பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிக் கணுக்காலுக்குக் கீழே உள்ள தசைநார் கிழிந்துவிடும். நம்மவர்கள் உடனே நல்லெண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். முதல் இரண்டு நாள் அது கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தை நீவினால் வீக்கம் ஏறத்தான் செய்யும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பாண்டேஜ், தலையணை மேல் கால், இவ்வளவுதான். புளியும் உப்பும் கரைத்துப் பற்றுப் போட்டே தீருவேன் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் ஆறின பிறகு போடட்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992இல் ஒரு கணக்கு வகுத்தார்கள். உலகமே இன்று அதைப் பின்பற்றுகிறது. பிசகியவுடனும், டாக்டரிடம் வந்த பிறகும் நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்புகளின் நுனியிலோ பின் விளிம்பிலோ அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ படம் எடுக்க வேண்டும். நடுப்பாதத்துக்கும் இதேபோல் இரண்டு இடங்கள் சொல்லியிருக்கிறார்கள், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் மாதக்கணக்கில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கத் தேவையில்லை. சீக்கிரம் அசைத்து, பிறகு பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழக வேண்டும். ஒரு முறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுவது, அந்தக் கால் தன் நிலையை உணரும் திறனை இழந்துவிடுவதால்தான்.

கால் ஆணியும் காய்ப்பும் தோலின் தற்காப்பு. எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே தோல் தடிக்கிறது. ஸ்டேஷன் பக்கம் பிளேடால் ஆணி எடுப்பவரிடம் காலை நீட்டினால் அன்றைக்குச் சுகமாக இருக்கும். செருப்பு மாறாதவரை ஆணி திரும்ப வரும். மருந்துக் கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியில் இருப்பது தோலை அரிக்கும் அமிலம். சர்க்கரை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. நகத்தை வளைத்து ஓரம் வரை வெட்டாமல் நேராக வெட்டினால் நகம் சதைக்குள் புகுவது பாதி குறையும். தட்டைப்பாதம் வலிக்காதவரை அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். குழந்தைகளுக்கு ஏழெட்டு வயதுக்குள் வளைவு பெரும்பாலும் தானே வந்துவிடும்.

மழைக்காலத்துக்கு வருகிறேன். சேற்றுப்புண் வராத தாராவி வீடு உண்டா? நாலாவது, ஐந்தாவது விரல்களுக்கு இடையே வெள்ளையாக ஊறி, அரித்து, தோல் உரியும் பூஞ்சைத் தொற்று அது. இரவில் கால் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைப்பதே பாதி வைத்தியம். மீதிப் பாதி, டாக்டர் சொன்ன பூஞ்சை மருந்தை, ஆறினாற்போல் தெரிந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை போடுவது. மூன்று மருந்து கலந்த டியூப் ஒன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். அதில் ஸ்டீராய்டு சேர்ந்திருப்பதால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். இன்று நாடு முழுக்கப் படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் போனதில் இந்த டியூபுக்குப் பெரிய பங்கு உண்டு.

2005 ஜூலை 26ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! வெள்ளம் வடிந்த பிறகு ஆகஸ்டில் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி உடம்புக்குள் நுழையும் வாசல்களில் முக்கியமானது காலில் உள்ள கீறலும் வெடிப்பும்தான். அதனால்தான் இப்போது ஒவ்வொரு மழையிலும், தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ளும்படி மாநகராட்சி சொல்கிறது. பித்தவெடிப்பை அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வலிக்கிற, அரிக்கிற கால்களைப் பற்றி. அந்தக் கால்கள் தாமே நம்மை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடும். நான் உண்மையில் சொல்ல வந்தது வலிக்காத காலைப் பற்றி.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கூடங்கள் தாராவியை விட்டுப் போன பிறகு செருப்பு, பை தைக்கும் பட்டறையில் இருந்தார். எங்கள் சந்தில் அவர் கையால் தைத்த செருப்பைப் போடாத கால் குறைவு. 1998 ஜூலையில் ஒரு நாள் வார், பக்கிள் எல்லாம் வாங்க மஸ்ஜித் பந்தருக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். அவர் நடந்த தரையில் பெருவிரல் அளவுக்குச் சிவப்பாகத் தடம் தடமாக இருந்ததை அம்மாதான் பார்த்தாள். செருப்பின் அடியிலிருந்து ஒரு ஆணி மேலே கிளம்பி, பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் இறங்கியிருந்தது. காலையில் சயான் ஸ்டேஷனுக்கு நடந்ததிலிருந்து அது குத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. "வலிக்கவே இல்லையே தாயி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஊருக்கெல்லாம் செருப்பு தைக்கிறவன் செருப்பிலேயே ஆணி என்று அவருக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? தினமும் இருபது பேர் காலைத் தொட்டுப் பார்க்கிற நான், அப்பாவின் உள்ளங்காலை அதற்கு முன் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. ஒன்பதாம் நாள் கட்டிலிருந்து வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை 340. பெருவிரலும் அடுத்த விரலும் போயின.

சர்க்கரை பல வருடம் கட்டுக்கடங்காமல் இருந்தால் காலின் நுண்ணிய நரம்புகள் நுனியிலிருந்து செத்துக்கொண்டு வரும். முதலில் இரவில் எரிச்சல், எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. பிறகு பஞ்சின் மேல் நடப்பது போன்ற மதமதப்பு. கடைசியில் எதுவுமே தெரியாது; எரிச்சல் நின்றுவிட்டதே என்று நோயாளி சந்தோஷப்படுவார். வியர்வையை நடத்தும் நரம்பும் சாவதால் தோல் காய்ந்து வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் சுருங்கி விரல்கள் நகம்போல் வளையும். அப்போது உடம்பின் எடையெல்லாம் விரல்களின் அடிமூட்டுகளில் விழும். அங்கே காய்ப்பு ஏறும். அந்தக் காய்ப்பே செருப்புக்குள் கிடக்கும் கல்லைப்போல உள்ளே அழுத்தி, அடியில் ரத்தம் கட்டி, புண்ணாகும். சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல், முதலில் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பித்திருக்கிறது.

இந்த வித்தையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது நம் வேலூர் என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர்; 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று எல்லாரும் நம்பிய காலம். நோய் கொல்வது உணர்ச்சியை மட்டுமே. உணர்ச்சியில்லாத கையையும் காலையும் நோயாளி தன்னை அறியாமல் தானே சிதைத்துக்கொள்கிறார் என்று அவர் காட்டினார். இரவில் தூங்கும்போது விரல் காணாமல் போகிறதே எப்படி என்று விழித்திருந்து பார்த்தால், எலி கடித்துக்கொண்டிருந்ததாம்! அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். சிரிக்காதீர்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலை எலி கடித்த கதைகள் நம் நாட்டு மருத்துவ ஏடுகளில் இன்றும் வருகின்றன. எங்கள் சந்து எலிகளைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். உள்ளங்கால் புண்ணுக்குக் காலோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டு, எடையைப் பாதம் முழுக்கப் பரப்பி ஆற்றும் முறை இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய்க்காக உருவானது. அது அங்கே போய், சர்க்கரைக் காலுக்கான உலக வைத்தியமாகிவிட்டது. மாமியின் நியூஜெர்சி பொடியாட்ரிஸ்டும் சர்க்கரைப் புண்ணுக்கு அதைத்தான் படித்திருப்பார்.

நம் பம்பாய்க்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. தொழுநோயாளிகளுக்காக 1890இல் மாட்டுங்காவில் தொடங்கிய புகலிடம்தான் இன்று வடாலாவில் உள்ள ஆக்வொர்த் மருத்துவமனை. டாக்டர் ஆர். கணபதி 1976இல் தொடங்கிய பம்பாய் லெப்ரஸி ப்ராஜெக்ட் தாராவியின் சந்துகளுக்குள்ளேயே போய் வேலை செய்தது. தேமல்போல் உணர்ச்சியற்ற ஒரு திட்டு உடம்பில் இருந்தால் இன்றும் மறைக்காமல் காட்டுங்கள். மருந்து இலவசம், நோய் முழுக்கக் குணமாகும்.

அப்பாவுக்கும் அந்த மாவுக்கட்டுதான் போட்டார்கள். கிருமி அடங்கி, பாதத்தில் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் போடுவார்கள். வாராவாரம் பிரித்து மறுபடி கட்டி, எட்டு வாரம். புண் ஆறியது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்களிடம் தூண்டில் நரம்புபோல் ஒரு நைலான் இழை உண்டு. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. வளையும் வரை அழுத்தியும் தெரியவில்லை என்றால் காப்பு உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். வீட்டிலேயே செய்ய இங்கிலாந்தின் இப்ஸ்விச் டாக்டர்கள் 2011இல் ஒரு வழி சொன்னார்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் பட்டும் படாமலும் ஓரிரு விநாடி தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ வேண்டாம். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டிய கால் அது. இன்னொன்று: மரத்த கால் திடீரென்று வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் இல்லை என்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும், அதுவரை நடக்கக் கூடாது.

பக்தி விஷயத்தில் பேசினால் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். மாலை போட்டு 41 நாள் வெறுங்காலோடு நடப்பவர்கள், செவ்வாய்க்கிழமை சித்தி விநாயகருக்கு வெறுங்காலோடு போகிறவர்கள், செட்டா நகர் முருகன் கோயில் படியில் உச்சி வெயிலில் ஏறுகிறவர்கள், சர்க்கரை பத்து வருடத்துக்கு மேல் இருந்தால் முதலில் அந்த ஆறு விரல் சோதனையைச் செய்யுங்கள். உணர்ச்சி இல்லாத காலுக்குக் கல் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். குருசாமியிடம் கேட்டால் அவரே விலக்குச் சொல்வார். நான் கேட்டிருக்கிறேன்.

எங்கே போவது? சர்க்கரைக் கால் என்றால் பெரிய ஆஸ்பத்திரிகளின் நீரிழிவுப் பிரிவு. நம் பக்கம் சயான் ஆஸ்பத்திரி, மாஹிமில் ரஹேஜா. செருப்பு, செயற்கைக் கால், பாதத் தாங்கிகளுக்கு ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் அகில இந்திய மறுவாழ்வு நிலையம். எங்கே போனாலும் செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் காட்டுங்கள். டாக்டர் கேட்கவில்லை என்றாலும் காட்டுங்கள்.

அப்பாவுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பை எழுதிக் கொடுத்தார்கள். விரலால் அழுத்தினால் பாதிக்குப் பாதி அமுங்கும் ரப்பர், அடியில் கெட்டியான தளம், பின்வாருடன். மரத்த காலிலிருந்து ஹவாய் செருப்பு நழுவினால்கூடத் தெரியாது, அதனால்தான் பின்வார். "தோல்காரன் ரப்பர் செருப்புப் போடுறதா?" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தச் செருப்பைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, தையலும் பசையும் மட்டும் வைத்து, ஆணியே இல்லாமல், தானே ஒன்று தைத்தார். கூட வேலை பார்த்த இரண்டு சர்க்கரைக்காரர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். தினமும் இரவு செய்தி முடிந்ததும் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பார். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுவார். 2011இல் மாரடைப்பில் இறந்தார். மீதி எட்டு விரலும் அப்படியே இருந்தன.